கானோவில் சொட்டு மருந்து நின்றபோது

2003-இல் நைஜீரியாவின் வடக்கே உள்ள கானோ மாநிலம் போலியோ சொட்டு மருந்தை நிறுத்தியது. மருந்தில் பெண் பிள்ளைகளை மலடாக்கும் பொருள் இருக்கிறது, எச்.ஐ.வி. கிருமி இருக்கிறது என்று பேச்சு பரவியிருந்தது. இரண்டும் பொய். ஆனாலும் நம்பியவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

1996-இல் அதே கானோவில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, ஃபைசர் நிறுவனம் தன் புதிய மருந்தைச் சோதிக்க சுமார் 200 குழந்தைகளைச் சேர்த்தது. பாதிப் பேருக்குப் புது மருந்து, மீதிப் பேருக்குப் பழைய மருந்து. 11 குழந்தைகள் இறந்தார்கள். சோதனை என்றே சொல்லவில்லை என்று பெற்றோர் வழக்குப் போட்டார்கள், நிறுவனம் மறுத்தது. அந்தக் காயம் ஆறுவதற்குள்தான் சொட்டு மருந்துக்காரர்கள் கதவைத் தட்டினார்கள், அதுவும் திரும்பத் திரும்ப. காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டால் கிடைப்பதில்லை, கேட்காத மருந்து மட்டும் ஏன் வீடு தேடி வருகிறது? நியாயமான கேள்விதான்.

பதில் குடலில் இருக்கிறது. போலியோ கிருமி வாய்வழியே போய்க் குடலில் பெருகி, மலத்தோடு வெளியேறி, அசுத்தமான தண்ணீர், கைகள் வழியே அடுத்த குழந்தையிடம் சேர்கிறது. சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழக்கச் செய்த அதே கிருமி. அது குடலில் தங்கிப் பெருகினால்தான் எதிர்ப்புச் சக்தி வரும். வயிற்றில் வேறு கிருமிகள் நிறைந்திருந்தால் ஒரு தவணையில் அது நடக்காமல் போகலாம். அதனால்தான் பல தவணை.

இன்னொரு சிக்கல், நோய் கண்ணில் படுவதில்லை. கிருமி தொற்றியவர்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கைகால் முடங்கும். மற்றவர்கள் நடமாடிக்கொண்டே பரப்புவார்கள். ஒரு தெருவே சொட்டு மருந்தை மறுத்தாலும், பல மாதங்கள் ஒன்றும் ஆகாததுபோலவே தெரியும். மறுத்தது சரிதான் என்ற எண்ணம் அப்படித்தான் வலுப்படுகிறது.

அந்த அமைதிக்குள் கிருமி எல்லை தாண்டிவிட்டது. 1995-க்குப் பிறகு போலியோவே இல்லாதிருந்த இந்தோனேசியாவில் 2005-இல் தொடங்கிய பரவலில் 300-க்கும் மேற்பட்டோர் முடங்கினார்கள். மரபணுச் சோதனையில் அந்தக் கிருமியின் வேர் நைஜீரியா என்று தெரிந்தது.

2004-இல் கானோ தடையை விலக்கியது, இந்தோனேசியாவில் தயாரான மருந்தை ஏற்றுக்கொண்டு. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டிலிருந்து வந்தது என்பதால் அதன்மேல் நம்பிக்கை இருந்தது. அப்புறமும் வேலை எளிதாக இல்லை. ஊர்த் தலைவர்களும் இமாம்களும் பேசினார்கள். போலியோவால் கால் முடங்கியவர்களே வீடு வீடாகப் போனார்கள். சில இடங்களில் சொட்டு மருந்தோடு மற்ற நோய்களுக்கான மருந்தும் கொடுத்தார்கள். முன்பே செய்திருக்க வேண்டியது அது. நைஜீரியாவில் இயற்கையான போலியோ கிருமி கடைசியாகத் தென்பட்டது 2016-இல்.