நடுவில் சுவர் எழுப்பும் முன் கார் கதவைத் திறந்து பாருங்கள்

பக்கத்துப் பக்கத்து வீடுகளின் வண்டிப்பாதைகள் ஒட்டிக்கொண்டு இருந்தால், என்னைக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கோரிக்கையோடுதான் வருவார்கள். "சார், நடுவுல ஒரு சுவர் வச்சுக் குடுத்துடுங்க, தொல்லை விட்டுது." கட்டடப் பொறியாளரான எனக்கு அது சின்ன வேலை. ஆனாலும் உடனே சரி என்று சொல்வதில்லை. இரண்டு வீட்டுக் கார்களையும் வழக்கமான இடத்தில் நிறுத்தச் சொல்லி, எல்லாக் கதவுகளையும் திறக்கச் சொல்வேன். சண்டை எதனால் வந்தது என்பது அங்கேயே முக்கால்வாசி தெரிந்துவிடும். அடுத்தவர் மண் வேண்டும் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். காரிலிருந்து இறங்க இடம் இல்லாமல்தான் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பார்கள்.

கணக்கைப் பாருங்கள். இரண்டு பாதைகளும் சேர்ந்து 5.4 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 2.7 மீட்டர். நடுத்தரக் கார் ஒன்றின் அகலம் சுமார் 1.8 மீட்டர், அதுவும் பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமல். காரை நட்டநடுவில் நிறுத்தினால் இருபுறமும் 45 செ.மீ. மிஞ்சும். ஒரு பெரியவர் ஓரளவு சிரமமில்லாமல் இறங்க 60 முதல் 75 செ.மீ. தேவை. நடுவில் வெறும் கோடு மட்டும் இருந்தால், என் 45-உம் உங்கள் 45-உம் சேர்ந்து 90 செ.மீ. இடைவெளி. இருவரும் ஒரே நேரத்தில் இறங்காதவரை அது தாராளம். அங்கே 20 செ.மீ. சுவர் வந்தால் ஆளுக்கு 35 செ.மீ.தான். அதில் குழந்தைகூடப் பக்கவாட்டில் நெளிந்துதான் வெளியே வர முடியும். சுவர் கட்டியபின் இருவருமே காரை மறுபக்கம் ஒட்டி நிறுத்தத் தொடங்குவார்கள். பூந்தொட்டி உடையும், வாசல்படி உரசும், அப்புறம் பழி மறுபடியும் பக்கத்து வீட்டுக்காரர் மேல்தான் விழும்.

ஆகவே என் கட்சி இதுதான்: தரையைப் பிரியுங்கள், தரைக்கு மேலே உள்ள இடத்தைப் பிரிக்காதீர்கள். தளத்தோடு சமமாக, வேறு நிறப் பேவர் கற்களை 20 செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டையாகப் பதித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பெயின்ட் கோட்டை நான் பரிந்துரைப்பதில்லை. டயர் ஏறி இறங்கிச் சீக்கிரமே மங்கிவிடும். மங்கிய கோட்டை மறுபடி போடும்போது யாராவது நாலு விரல் தள்ளிப் போடுவார்கள். அதைவிட மோசமான கோடு வேறு கிடையாது.

பட்டை போதாது, டயர் தாண்டவே கூடாது என்றால் தாழ்வான விளிம்புக் கல் வைக்கலாம். 10 செ.மீ. உயரம் இருந்தால் டயருக்குத் தெரியும், கதவு அதன் மேலாகவே திறக்கும். கல்லின் மேல் விளிம்பு கூராக இல்லாமல் சரிவாகவோ உருண்டையாகவோ இருக்கட்டும், இல்லாவிட்டால் டயரின் பக்கச்சுவர் கிழியும். இதில் ஒரு குறையும் உண்டு. இருட்டில் இறங்குகிறவர் காலில் தட்டும். வயதானவர்கள் இருக்கும் வீடென்றால் நான் சமதளப் பட்டையோடு நிறுத்திக்கொள்வேன்.

தடுப்பைத் தெருவரை நீட்டாதீர்கள். கார் நேர்க்கோட்டில் உள்ளே வருவதில்லை. வளைந்து வரும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தைவிட உள்பக்கமாக ஓடும். தடுப்பு தெருவோரம்வரை இருந்தால் அந்தப் பின் சக்கரம் தினமும் அதன் மேல் ஏறும். தெரு முனையில் ஒன்று, ஒன்றரை மீட்டரைச் சமதளமாக விட்டுவிட்டால் இரண்டு வீட்டுக்காரர்களும் வளைக்க வசதி. அதே இடத்தில் உயரமான வேலியோ புதரோ வேண்டவே வேண்டாம். பின்னால் எடுக்கும் ஓட்டுநருக்கு நடைபாதையில் வரும் குழந்தை தெரிய வேண்டும். இங்கிலாந்தில் வாகனங்கள் போகும் சாலையை ஒட்டிய வேலி 1 மீட்டரைத் தாண்டினால் திட்ட அனுமதி வாங்க வேண்டும். உங்கள் ஊரில் விதி எதுவானாலும், தெருவோரத்தில் இடுப்புக்கு மேல் எதுவும் போகாமல் இருப்பது நல்லது.

செடிவேலி அழகுதான். ஆனால் நடும்போது 30 செ.மீ. அகலத்தில் இருப்பது வளர்ந்தபின் 90 செ.மீ. ஆகும். முள் உள்ள செடி என்றால் கார் பெயின்ட்டில் கோடு விழும். அப்புறம் வெட்டுவது யார் வேலை என்று புதிதாக ஒரு வழக்கு.

செலவே இல்லாத ஒரு வழியும் இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஸ்டியரிங் வலப்பக்கம் உள்ள நாடு என்று வைத்துக்கொள்வோம். தெருவிலிருந்து வீடுகளைப் பார்த்தபடி நின்றால், இருவரும் காரை முன்பக்கமாக உள்ளே விடும்போது இடப்பக்க வீட்டுக்காரரின் ஓட்டுநர் கதவு எப்போதும் எல்லைப் பக்கம் திறக்கும். வலப்பக்க வீட்டுக்காரரின் கதவு தன் வீட்டுப் பக்கமே திறக்கும். ஒருவருக்குப் பிரச்சினையே தெரியாமல் இருப்பதும் மற்றவர் தினமும் எரிச்சலாவதும் இதனால்தான். இடப்பக்கக்காரர் மட்டும் காரைப் பின்பக்கமாக உள்ளே விட்டால் இரண்டு ஓட்டுநர்களும் தத்தம் வீட்டுப் பக்கம் இறங்கிவிடலாம். ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள நாடுகளில் இதையே வலப்பக்க வீட்டுக்காரர் செய்ய வேண்டும். ஒரு வீட்டில் இதை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்; சுவர் வேலை கைவிட்டுப் போனதில் எனக்குத்தான் கொஞ்சம் நஷ்டம்.

எந்தத் தடுப்பானாலும் நிரந்தரமாகப் போடும் முன் ஒத்திகை பாருங்கள். சுண்ணாம்புக் கோடும் நாலைந்து செங்கற்களும் போதும். இரண்டு வாரம் அப்படியே விட்டால், மழை நாள், விருந்தாளி வந்த நாள், அவசரமாக அலுவலகம் கிளம்பிய நாள் எல்லாம் வந்து போகும். எந்தச் செங்கல் அடிக்கடி நகர்ந்திருக்கிறதோ அந்த இடத்தில் தடுப்பு தவறான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

மழைநீரை மறந்துவிட்டு விளிம்புக் கல் பதிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். தளத்துக்குப் பொதுவாக 50-க்கு 1 சரிவு கொடுப்போம், அதாவது மீட்டருக்கு 2 செ.மீ. அந்தச் சரிவு பக்கவாட்டில் இருந்தால், நடுவில் வைக்கும் கல் ஒரு சின்ன அணையாகிவிடும். தண்ணீர் ஒரு வீட்டு வாசலில் தேங்கும். பார்க்கிங் சண்டை போய்த் தண்ணீர்ச் சண்டை வந்து உட்காரும். கல்லுக்குக் கல் இடைவெளி விடுங்கள், அல்லது தடுப்பை ஒட்டியே கம்பிச் சல்லடை மூடியிட்ட கால்வாய் ஒன்றைத் தெருப் பக்கம் இறக்குங்கள். தடுப்புக் கம்பம் நடுவதாக இருந்தால் குழி தோண்டும் முன் தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி எங்கே போகின்றன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சுவரே கட்டுவதானால் அதன் அடித்தளம் சுவரைவிட அகலம் என்பதை நினைவில் வையுங்கள். மேலே உங்கள் எல்லைக்குள் இருக்கும் சுவர், மண்ணுக்கடியில் பக்கத்து வீட்டுக்குள் போயிருக்கக்கூடும்.

இத்தனைக்கும் முன்னால் எல்லை எங்கே என்று தெரிய வேண்டும். பழைய வேலியோ, தளத்தில் இருக்கும் வெடிப்போ, "அப்பா காலத்திலிருந்து இதுதான்" என்ற பேச்சோ எல்லை ஆகாது. சர்வேயரை இருவரும் சேர்ந்து அழையுங்கள், கூலியையும் பாதிப் பாதியாகக் கொடுங்கள். ஒருவர் மட்டும் அழைத்து வந்த சர்வேயரின் அளவை மற்றவர் நம்பியதை நான் பார்த்ததே இல்லை.

பத்திரத்தில் அந்த இடம் பொது வண்டிப்பாதை என்று இருந்தால் நடுவில் எதையும் வைக்கும் உரிமை தனியாக ஒருவருக்கு இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: வழியாகப் போய் வரும் உரிமை இருப்பதாலேயே அங்கே வண்டியை நிறுத்தும் உரிமை வந்துவிடாது. பொதுப் பாதைத் தகராறுகளில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருபவை. நீண்ட காலப் பயன்பாடும் உரிமையாகலாம். அனுமதி பெறாமல், வெளிப்படையாக, தடையில்லாமல் பயன்படுத்தி வந்தால் இந்தியாவில் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படியும் இங்கிலாந்தில் 1832-ஆம் ஆண்டுச் சட்டப்படியும் 20 ஆண்டுகளில் வழியுரிமை கோரலாம். கலிஃபோர்னியாவில் 5 ஆண்டுகளே போதும். அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரை விரட்ட வேண்டியதில்லை. "என் பக்கத்தில் கதவைத் திறந்து இறங்க உங்களுக்கு அனுமதி தருகிறேன்" என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டால், அனுமதியின் பேரில் நடக்கும் பயன்பாடு பொதுவாக உரிமையாக மாறாது.

அந்தத் தாளில் மேலும் சில வரிகள் சேர்க்கலாம். தடுப்பு இரண்டு வீட்டுச் சுவர்களிலிருந்தும் எத்தனை செ.மீ. தூரத்தில் இருக்கிறது, போட்டது யார் செலவு, உடைந்தால் யார் சரிசெய்வது, விருந்தாளிகளும் டெலிவரி வண்டிகளும் எங்கே நிற்பது. வீட்டுக்காரர்கள் இருவரும் ஒத்துப்போனபின்னும் விருந்தாளியின் காரால் மறுபடி மூண்ட சண்டைகள் நிறைய. வீட்டை வாடகைக்கு விட்டால் குடிவருபவருக்கும் ஒரு நகல் கொடுங்கள். வீட்டை விற்கும்போது சாதாரணத் தாள் புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தாமல் போகலாம். அப்படி ஒரு எண்ணம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேட்டு முறையாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.