பிஞ்சு உதிர்ந்தால் ரகம் மோசமா?

தொட்டியில் வைத்த அத்திச் செடி செழிப்பாக வளர்கிறது, பிஞ்சும் பிடிக்கிறது, ஆனால் கோலிக்குண்டு அளவு வந்ததும் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது, ரகம் சரியில்லையா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ரகமும் காரணமாக இருக்கலாம். அதற்கு முன், செடிக்கு வயதென்ன, பிஞ்சு எந்தக் கிளையில் பிடித்தது என்று இரண்டு கேள்விகளை நான் திருப்பிக் கேட்பேன்.

குச்சி நட்டு வளர்த்த செடி முதல் ஓரிரு வருடம் வேரையும் இலையையும்தான் கவனிக்கும். அப்போது பிஞ்சு கொட்டுவது சகஜம். மண் ஒருநாள் காய்ந்து மறுநாள் சேறாகக் கிடந்தாலும் கொட்டும். நல்ல வெயில், ஒழுங்கான தண்ணீர் எல்லாம் இருந்தும் மூன்றாம் வருடமும் தொடர்ந்தால், சரி, ரகத்தைச் சந்தேகிக்கலாம்.

அத்திப்பழம் என்பது உள்பக்கமாகச் சுருண்ட ஒரு பூங்கொத்து. பூக்கள் எல்லாம் உள்சுவரில் இருக்கும். வெளியே போக வர, நுனியில் உள்ள சிறு துளைதான் வழி. அதற்குக் கண் என்று பெயர். சீமை அத்திக்கு மகரந்தம் கொண்டுவரும் பூச்சி ஒன்றே ஒன்று: பிளாஸ்டோபேகா சீனஸ் என்ற, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள குளவி.

இந்த அத்தியில் இரண்டு வகை மரங்கள் உண்டு: ஆண் மரமாகப் பயன்படும் காப்ரி அத்தி, நாம் சாப்பிடும் பழம் தரும் பெண் மரம். காப்ரி அத்தியின் காய்க்குள் ஆண் பூக்களும் குட்டையான சூல்தண்டு (சூற்பைக்கு மேல் நீளும் தண்டு) கொண்ட பெண் பூக்களும் இருக்கும். குளவி தன் முட்டையிடும் ஊசியைச் சூல்தண்டு வழியே இறக்கினால் சூற்பையை எட்டும். குஞ்சு அங்கேயே வளரும். வளர்ந்த பெண் குளவி வெளியேறும்போது கண்ணருகே இருக்கும் ஆண் பூக்களில் உரசி மகரந்தத்தைப் பூசிக்கொள்ளும். நாம் சாப்பிடும் அத்தியிலோ சூல்தண்டு நீளம். கண் வழியே சிறகு பிய்ந்துபோக உள்ளே நுழைந்த குளவி, பூவுக்குப் பூ ஊசியை இறக்கிப் பார்க்கும். எட்டாது. அந்த அலைச்சலில் மகரந்தம் ஒட்டிக்கொள்ள, மரத்துக்கு விதை. குளவிக்கு வாரிசு கிடையாது.

இப்படித் தோற்கும் குளவி ஏன் பரிணாமத்தில் பாடம் கற்கவில்லை? கோடையில் குளவிகள் வெளிவரும் சமயத்தில் நுழையத் தயாராக இருப்பவை பெரும்பாலும் பெண் மரத்துக் காய்களே. வேறு நல்ல வாய்ப்பு இல்லாத இடத்தில் இயற்கைத் தேர்வு எதைத் தேர்ந்தெடுக்கும்? எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்காத கணக்கு இது.

பிரவுன் டர்க்கி, பிளாக் மிஷன் போன்ற சாதாரண ரகங்களுக்குக் குளவியே வேண்டாம். மகரந்தம் இல்லாமலே பழுக்கும். ஸ்மிர்னா வகைக்குக் கட்டாயம் வேண்டும். 1880களில் கலிபோர்னியாவில் ஸ்மிர்னா மரங்கள் நட்டவர்கள் காய் எல்லாம் கொட்டுவதைக் கண்டு குழம்பினார்கள். கையால் மகரந்தம் செலுத்திப் பார்த்தபோது காய் நின்றது. 1899இல் குளவி அங்கே நிலைபெற்ற பிறகுதான் தோட்டங்கள் பிழைத்தன. மூன்றாவது வகை சான் பெட்ரோ: போன வருடக் கிளையில் வரும் முதல் காய்ப்பு தானாகப் பழுக்கும், புதுக்கிளையில் வரும் அடுத்த காய்ப்பு குளவி இல்லாவிட்டால் உதிரும். கிளையைப் பற்றி நான் கேட்டது இதற்குத்தான். பழைய கிளையில் நின்று புதுக்கிளையில் மட்டும் கொட்டினால் உங்களுடையது பெரும்பாலும் சான் பெட்ரோ. இரண்டிலும் வருடா வருடம் கொட்டினால் ஸ்மிர்னாவோ என்று பாருங்கள்.

ருசியை வைத்துத் தீர்ப்பு சொல்ல இன்னும் பொறுமை வேண்டும். இளம் செடியின் முதல் பழங்கள் பெரும்பாலும் சப்பென்று இருக்கும். காய் நடுவில் பல வாரம் வளராமல் நின்று, கடைசிச் சில நாட்களில் திடீரென உப்பி இனிக்கும். பறித்த பிறகு இனிப்பு ஏறாது. கழுத்து தளர்ந்து தொங்கிய பழத்தை மட்டும் தின்று பார்த்து ரகங்களை ஒப்பிடுங்கள். கண்ணையும் கவனியுங்கள். கண் அகலமாகத் திறந்த ரகங்களில் வண்டும் ஈயும் புகுந்து பழம் புளித்துப்போகும். ஈரமான இடத்தில் கண் இறுகிய ரகமே மேல்.

பெயரை நம்பாதீர்கள். ஒரே மரம் பல பெயர்களில் விற்கப்படுவதை மரபணுச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அதைச் சரிபார்க்க ரகங்களை உயிரோடு காக்கும் தொகுப்புத் தோட்டங்கள் வேண்டும். பளபளப்பான ஆய்வுகளுக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு துளி இவற்றுக்கும் வந்தால் நல்லது என்பது என் கட்சி. விதை போட்டு வளர்க்கலாமா என்றால் வேண்டாம். முளைப்பதில் சுமார் பாதி காப்ரி அத்தியாகிவிடும். காய்த்துப் பழுத்ததை நீங்களே பார்த்த மரத்தில், இலையில் மஞ்சள் திட்டு இல்லாத கிளையாகப் பார்த்துக் குச்சி வெட்டுங்கள். அந்தத் திட்டு மொசைக் வைரஸின் அடையாளமாக இருக்கலாம். அது குச்சியோடு கூடவே வந்துவிடும்.