பட்டியலிலிருந்து காக்கையை எடுக்காதீர்கள்

பொங்கல் நாட்களில் பள்ளிகளும் ஆர்வலர்களும் சேர்ந்து எடுக்கும் பறவைக் கணக்கெடுப்பில், சாதாரணப் பறவைகளை நீக்கிவிட்டுப் பட்டியல் அனுப்புகிறவர்கள் உண்டு. இந்தப் பொங்கலுக்கும் அதேதான் நடந்தது. பூநாரையின் எண்ணிக்கை வழக்கத்தைவிட அதிகமாக இருக்கிறது என்று ஒரு பள்ளியின் பட்டியல் சரிபார்ப்புக்கு என்னிடம் வந்தது. மாணவர்கள் ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் நின்று எடுத்த கணக்கு அது. மொத்தம் நான்கே வகைப் பறவைகள்: பூநாரை, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, விராலடிப்பான். பூநாரையில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. எந்த நீர்நிலையிலும் நிற்கும் சிறு கொக்கான மடையான் எங்கே என்பதுதான் என் சந்தேகம். மடையான்கூட இல்லாத ஏரியா?

அழைத்துக் கேட்டேன். “பசங்க எல்லாத்தையும்தான் எழுதியிருந்தாங்க சார். காக்கா, மைனா, கொக்கு இதெல்லாம் எதுக்குன்னு நான்தான் எடுத்துட்டேன். நல்ல பறவைங்களை மட்டும் ஏத்தினேன்” என்றார் ஆசிரியர்.

விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போனவர். அவர்மேல் எப்படிக் கோபப்படுவது? ஆனால் ஆண்டுதோறும் இப்படிப் பட்டியல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அதனால் இதை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் ஈபேர்ட் இணையதளத்தில் பட்டியலை அனுப்பும் முன் ஒரு கேள்வி வரும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்திருக்கிறீர்களா? பலர் படிக்காமலே ‘ஆம்’ என்று தட்டிவிடுகிறார்கள். பட்டியலில் இல்லாத பறவை எதுவும் அந்த நேரத்தில் அங்கே தென்படவில்லை என்று நீங்கள் உறுதி கொடுக்கிறீர்கள் என்பதே அந்த ‘ஆம்’ என்பதன் பொருள். ஒரு பறவை பெருகுகிறதா குறைகிறதா என்று கண்டுபிடிக்க, நூறு முழுப் பட்டியல்களை எடுத்தால் அவற்றில் எத்தனையில் அது இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறோம். காகத்தைப் பார்த்துவிட்டும் எழுதாத பட்டியல், ‘காகம் இல்லை’ என்ற கணக்கில் சேரும். பல பள்ளிகள் இதையே செய்தால், கரைந்துகொண்டிருக்கும் காகம் எங்கள் வரைபடத்தில் குறைந்துகொண்டே போகும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் வருகை போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்கெல்லாம் ஆப்சென்ட் போடுவாரா அந்த ஆசிரியர்?

அரிய பறவையைக் கண்டால்தான் அறிவியல் என்ற எண்ணத்தை எப்படி மாற்றுவதென்றே தெரியவில்லை. பாறு கழுகை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் மாடு செத்துக் கிடந்த இடமெல்லாம் கூட்டமாக வந்து இறங்கிய பறவை. அவ்வளவு சாதாரணமாக இருந்ததால் எண்ண வேண்டும் என்று பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை. பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் 1980களில் ராஜஸ்தானின் பரத்பூரில் எண்ணி வைத்திருந்தார். 90களின் பிற்பகுதியில் மறுபடி எண்ணிப் பார்த்தபோதுதான் சரிவு தெரிந்தது. மாடுகளுக்கு வலிக்காகப் போட்டு, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் உடலுக்குள் போன டைக்ளோஃபெனாக் மருந்துதான் காரணம் என்று தெளிவாகி, இந்தியாவில் 2006இல் கால்நடைகளுக்கு அது தடைசெய்யப்படும் முன்பே வெண்முதுகுப் பாறுகளில் பெரும்பகுதி போய்விட்டது. இன்று தமிழ்நாட்டில் பாறு பார்க்க நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் போக வேண்டியிருக்கிறது.

சிட்டுக்குருவி விஷயத்தில் வேறு மாதிரி. செல்போன் கோபுரத்தால் குருவி அழிந்துவிட்டது என்று மார்ச் மாதம் சிட்டுக்குருவி நாள் வந்தால் வாட்ஸ்அப் முழுக்க ஓடும். 2020இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுதும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்றது. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைவு. கோபுரம்தான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. இதைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், 15,500 பேருக்கு மேல் கொடுத்த ஒரு கோடிப் பதிவுகள். குருவியைப் ‘போனால் போகிறது’ என்று விடாமல் எழுதியவர்கள் அவர்கள். 2023 அறிக்கையில் அது சுமார் 30,000 பேர், மூன்று கோடிப் பதிவுகளாக வளர்ந்தது. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை குறைந்துவருகிறது என்று அதில்தான் எச்சரிக்கை வந்தது. அந்தப் பதிவுகளைக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல இதைத் தொழிலாகச் செய்பவர்கள் அல்லர்.

இனி செய்ய வேண்டியவை. குறைந்தது 15 நிமிடம் ஒரே இடத்தில் பாருங்கள். பார்க்கும்போதே எழுதுங்கள், வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து எழுதாதீர்கள். காலையில் ஏரி, மதியம் வயல், மாலையில் மலையடிவாரம் என்றால் மூன்று தனித்தனிப் பட்டியல். ஒன்றாகச் சேர்த்து அனுப்பினால் எந்தப் பறவை எங்கே இருந்தது என்று யாராலும் பிரிக்க முடியாது. எண்ணிக்கை போடுங்கள், தோராயமாக இருந்தாலும் பரவாயில்லை. தெரியாத பறவையை விட்டுவிடலாம், அதில் தவறே இல்லை. தெரிந்ததை விடக்கூடாது.

குரலைக் கேட்டுப் பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலி பெயர் காட்டிவிட்டது என்பதற்காக அப்படியே ஏற்றாதீர்கள். துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலை எடுத்துக் கத்தும் என்பது காட்டுப்பக்கம் போகிற எல்லோருக்கும் தெரியும். செயலி ஏமாந்தால் பட்டியலும் ஏமாறும். கூட்டுக்குப் பக்கத்தில் போய்ப் படமெடுக்கவே கூடாது, குரலைப் போனில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கவும் கூடாது.

சரிபார்ப்பவர் ஒரு கேள்வி அனுப்பினால் அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களைப் பொய்யர் என்று யாரும் சொல்லவில்லை. அந்த மாதத்தில், அந்த மாவட்டத்தில் வழக்கமில்லாத பறவை என்றாலோ, எண்ணிக்கை கூடுதல் என்றாலோ கணினி தானாகவே நிறுத்திவைக்கும். மூக்கு எப்படி இருந்தது, எவ்வளவு தூரத்தில் பார்த்தீர்கள் என்று இரண்டு வரி எழுதினால் போதும். எங்களில் பலரும் இதைச் சம்பளமில்லாமல்தான் செய்கிறோம்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் எழுதிக் கொண்டுவந்த நோட்டு உங்களிடம் இன்னும் இருந்தால், நீக்கிய பறவைகளை இப்போதும் பட்டியலில் சேர்க்கலாம். திருத்தம் செய்ய வழி திறந்தே இருக்கிறது. பழைய டைரிகளும் அப்படித்தான். நாளும் இடமும் எழுதியிருந்தால் முப்பது ஆண்டுக்கு முந்தைய பட்டியலையும் ஈபேர்ட் ஏற்கும்.