ஒதூஸ்: கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் பல்

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் பல்லுக்கு ‘ஒதூஸ்’ என்று பெயர். ஆண்பால் பெயர்ச்சொல். அகராதியில் ‘ஒதூஸ், ஒதொந்தொஸ்’ என்று ஆறாம் வேற்றுமை வடிவத்தையும் சேர்த்தே கொடுப்பார்கள். எழுவாய் வடிவத்தை மட்டும் பார்த்தால் சொல்லின் அடி தெரியாது என்பதே காரணம். அடி ‘ஒதொந்த்’. எழுவாய்க்குரிய ‘ஸ்’ வந்து ஒட்டும்போது ‘ந்த்’ விழுந்துவிடும். முன்னிருந்த ஒகரம் நீண்டு ‘ஊ’ ஆகும். ‘பல்’லும் ‘கள்’ விகுதியும் சேர்ந்து ‘பற்கள்’ ஆவதைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல.

லத்தீனின் ‘தென்ஸ்’, வடமொழியின் ‘தந்த’ இரண்டும் இதற்கு உறவு. நாம் சொல்லும் யானைத் தந்தம் வடமொழி வழியாக வந்தது. ‘ஆர்த்தோடான்டிக்ஸ்’ என்ற பல் சீரமைப்புத் துறையின் பெயரிலும் இந்த ஒதொந்த்தான் இருக்கிறது. சரி, தமிழில் எப்படிச் சொல்வது? பல் என்றே சொல்லலாம், வேறொன்றும் தேட வேண்டாம்.

மத்தேயு 5:38-இல் ‘ஒதொந்த அந்தி ஒதொந்தொஸ்’, அதாவது ‘பல்லுக்குப் பல்’. முதல் பல் இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறது. ஏன்? யாத்திராகமம் 21-இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் இதற்கு முன்னால் ‘கொடுப்பான்’ என்ற வினை இருக்கிறது. பல்லுக்குப் பதிலாகப் பல்லைக் கொடுப்பான். ‘அந்தி’ என்ற முன்னிடைச்சொல் செய்யும் வேலையைத் தமிழில் நான்காம் வேற்றுமை உருபே செய்துவிட, ‘பல்லுக்குப் பல்’ என்று இரண்டே சொல்லில் முடிகிறது.

புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் வரும் 12 இடங்களில் 7 ‘ப்ருக்மொஸ் தோன் ஒதொந்தோன்’ என்ற தொடரில்தான்: மத்தேயுவில் ஆறு, லூக்காவில் ஒன்று. வெளியே தள்ளப்பட்டவர்களின் இடத்தைப் பற்றி ‘அங்கே அழுகையும் பற்கடிப்பும் உண்டாயிருக்கும்’ என்று நாம் வாசிப்பது இதைத்தான். கிரேக்கத்தில் ‘பற்களின் கடிப்பு’ என்று ஆறாம் வேற்றுமைப் பன்மை; ஆனால் பொருளோ பற்களைக் கடித்தல். ‘பற்கடிப்பு’ அதை இரண்டாம் வேற்றுமைத் தொகையாகப் பிடித்துவிட்டது. அருமையான சொல்லாக்கம் என்பேன்.

ஆனால் பொருளில் கவனம் வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது என்று நமக்கொரு வழக்கு உண்டே, அது இங்கே பொருந்தாது. அப்போஸ்தலர் 7:54-இல் ஸ்தேவானின் பேச்சைக் கேட்டவர்கள் அவனைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறார்கள். ‘ப்ருக்மொஸ்’ பிறந்த அதே வினைதான் அங்கே. சங்கீதம் 112:10-இல் நீதிமான் உயர்வதைக் கண்டு துன்மார்க்கன் பல்லைக் கடிக்கிறான். இரண்டும் ஆத்திரம். பிரசங்கங்களில் பற்கடிப்பை வேதனை என்று மட்டும் விளக்குவது போதாது. அழுகையில் துயரம் வந்துவிட்டது. பற்கடிப்பு, வெளியே தள்ளப்பட்டவனின் அடங்காத கோபம்.