புண்ணுக்குப் பட்டு என்றால் புடவைத் துணி இல்லை

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் எங்கள் எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டினார். "கண்ணு, நீ பட்டுல புண்ணுக்கு மருந்து செய்ற வேலைதானே பாக்கற? அய்யா கால்ல பட்டு கட்டி ஒரு வாரம் ஆச்சு, ஆறவே மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாரேன்."

அவருடைய கல்யாணப் புடவையில் கிழித்த அரக்கு நிறத் துண்டு, அய்யாவின் வலது பாதத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. சீழில் ஊறிக் காய்ந்து தோலோடு ஒட்டிப்போயிருந்தது. உடனே ஆட்டோவில் ஏற்றிப் போனோம். மருத்துவமனையில் நர்ஸ் சலைன் ஊற்றி ஊறவைத்துத்தான் துணியை எடுத்தார். புண்ணின் ஓரமெல்லாம் சாயம் இறங்கியிருந்தது. அவ்வளவு நடந்தும் அய்யா முகம் சுளிக்கவில்லை. 18 வருடச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சியே இல்லை. செருப்புக்குள் கிடந்த கல் எத்தனை நாளாகக் குத்தியது என்றுகூட அவருக்குத் தெரியாது.

அந்த அம்மா சொன்னதில் பாதி உண்மைதான். காயத்துக்கான பட்டுப் பொருட்களை உருவாக்குவதுதான் எங்கள் ஆய்வகத்தின் வேலை. மீதிப் பாதியை, அதாவது அந்தப் பட்டு புடவைத் துணி இல்லை என்பதை, நாங்கள் வெளியே சரியாகச் சொல்லவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ராமநகரச் சந்தையிலிருந்து வரும் பட்டுக்கூட்டை வெட்டி, உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவை உதறிவிட்டு, சோடியம் கார்பனேட் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்க வைப்போம். தண்ணீர் வடிகஞ்சி மாதிரி வழவழப்பாகும். அது செரிசின் என்ற பசை. கூட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு. பட்டு நூலால் தையல் போட்ட சிலருக்கு வந்த ஒவ்வாமைக்கு, சரியாக நீக்கப்படாத இந்தப் பசையைத்தான் பெரும்பாலும் காரணமாகச் சொல்கிறார்கள். மிஞ்சும் வெள்ளை நார், ஃபைப்ராயின் என்ற புரதம். அதை லித்தியம் புரோமைடு என்ற உப்பின் அடர்த்தியான கரைசலில் 60 டிகிரி சூட்டில் நாலு மணி நேரம் வைத்தால் நார் மறைந்து தேன் போலாகிவிடும். அப்புறம் இரண்டு மூன்று நாள் டயாலிசிஸ் பை என்ற நுண்துளைப் பையில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை வெளியேற்ற வேண்டும். கடைசியில் கிடைக்கும் பட்டுக் கரைசலைத்தான் மெல்லிய படலமாகவோ, பஞ்சாகவோ, ஜெல்லாகவோ ஆக்குகிறோம். படலத்தை அப்படியே ஈரத்தில் வைத்தால் கரைந்துபோகும். ஆல்கஹாலில் நனைத்தால் புரதச் சங்கிலிகள் அடுக்கடுக்காக இறுகிக்கொள்ளும். பிறகு தண்ணீருக்கு அசையாது. எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவு மெதுவாக உடம்பு அதைக் கரைக்கும். பட்டை நான் நேசிப்பது இந்தக் குணத்துக்காகத்தான்.

காஞ்சிபுரம் தறிக்குப் போகும் நூலும் பெரும்பாலும் கர்நாடகத்துப் பட்டுதான், அதற்கும் பசை நீக்குகிறார்கள், அப்புறம் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். அதற்குப் பிறகு அந்த நூலில் சாயம் ஏறுகிறது, ஜரிகை சேர்கிறது, புடவை வருடக்கணக்காகப் பீரோவில் கிடக்கிறது. கிருமி நீக்கம் எங்கும் நடப்பதில்லை. நெய்த துணி சீழை உறிஞ்சிக் காய்ந்து, கழற்றும்போது புதிதாக முளைத்த தோலையும் பிய்த்துக்கொண்டு வரும். காயத்துக்கு வேண்டியது அளவான ஈரம். 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றித் தோலில் செய்த சோதனையில், ஈரம் காத்து மூடிய காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் படர்ந்தது. பட்டுப் படலம் அந்த ஈரத்தைக் காக்கிறது, தோல் செல்கள் பற்றி ஊர்ந்து போக ஒரு பந்தல் போடுகிறது. டசார், முகா போன்ற காட்டுப் பட்டுகளில் செல்கள் பிடித்துக்கொள்ள இயற்கையாகவே கொக்கி மாதிரி ஒரு புரதத் துணுக்கு உண்டு.

ஆனால் செத்த சதையின் மேல் பந்தல் போட்டுப் பயனில்லை. சீழ் வெளியேற வேண்டும், காலுக்கு ரத்தம் ஓட வேண்டும், சர்க்கரை இறங்க வேண்டும், புண்ணின் மேல் உடம்பின் பாரம் விழக்கூடாது. இவை நான்கும் நடக்காத இடத்தில் எங்கள் ஆய்வகத்தின் மிகச் சிறந்த படலமும் வெறும் மூடிதான்.

பட்டுப் புரதக் கட்டுகள் இப்போது கடைக்கும் வந்துவிட்டன. வாங்குவதானால், புண்ணை நேரில் பார்த்த மருத்துவர் சொன்ன பிறகு வாங்குங்கள். உறையில் தயாரிப்பு உரிம எண், கிருமி நீக்கிய குறிப்பு, காலாவதித் தேதி மூன்றும் இருக்கிறதா பாருங்கள். சர்க்கரை உள்ளவர் காலில் புண் வந்தால் சின்னதென்று விடாமல் உடனே காட்டுங்கள். நாற்றம், கருப்பு நிறம், சுற்றிலும் சூடு, காய்ச்சல் இருந்தால் ராத்திரி என்றாலும் கிளம்புங்கள்.

அய்யாவின் புண் மூட மூன்று மாதம் ஆனது. அழுகிய சதையை வெட்டி எடுத்தார்கள், இன்சுலின் ஆரம்பித்தார்கள், சாதாரண டிரெஸ்ஸிங் போட்டார்கள், பாதத்தில் அழுத்தம் குறைக்கும் மெத்தென்ற ரப்பர் செருப்பு (எம்சிஆர்) கொடுத்தார்கள். பட்டு எதுவும் தேவைப்படவில்லை. இப்போது தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அந்த அம்மா டார்ச் அடித்து அவருடைய இரண்டு உள்ளங்காலையும், ஒவ்வொரு விரலிடுக்கையும் பார்க்கிறார். காலையில் செருப்பைத் தலைகீழாகத் தட்டிவிட்டுத்தான் அவர் காலடியில் வைக்கிறார்.