பயற்றங்காய் வறையும் தாச்சியில் தேங்கும் நீரும்

களுதாவளைத் தோட்டத்துப் பயற்றங்காயை அன்றைக்கே வாங்கி, அதே எண்ணெயில் அதே கொச்சிக்காயும் வெங்காயமும் போட்டுத் தாளித்தாலும், ஒரு வீட்டில் வறை பச்சை மங்காமல் மணக்கிறது. அடுத்த வீட்டில் பழுப்பேறிச் சோர்ந்து கிடக்கிறது. கைப்பக்குவம் என்று சொல்லிவிடுகிறோம். அதில் பெரும்பகுதி தண்ணீர்க் கணக்கு.

பயற்றங்காயின் நிறையில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு நீர்தான். சூடேறும்போது கலமென்சவ்வுகள் சிதைந்து அந்த நீர் கசிகிறது. தாச்சியில் அது தேங்கி நிற்கும்வரை, அடுப்பை எவ்வளவு எரித்தாலும் காய் 100 பாகை செல்சியஸில்தான் வேகும். வறுத்த மணத்தைத் தருவது அமினோ அமிலங்களும் வெல்லங்களும் புரியும் மெயிலார்ட் தாக்கம். அது 140 பாகையை ஒட்டித்தான் வேகம் பிடிக்கும்.

நீரை விரட்டுவதும் லேசன்று. 30 பாகையிலுள்ள நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பத்தைப்போல் ஏழு மடங்குக்கு மேல் அதை ஆவியாக்கத் தேவை. ஒரு கிலோ காயை ஒரேயடியாகக் கொட்டினால் வீட்டு அடுப்பால் ஈடுகொடுக்க முடியாது. இரண்டு தடவையாக வறுப்பதே நல்லது. உப்பை முதலிலேயே தூவினால், கலத்துக்குள் உள்ள நீரை உப்பு வெளியே இழுக்கும் பிரசாரணத்தால், காய் முந்தியே நீர்விடும். பாதி வதங்கிய பின் போடுங்கள்.

இனி மூடி. காயைப் போட்ட சிறிது நேரத்தில் பச்சை திடீரெனப் பளிச்சிடும். கலங்களுக்கு இடையிலிருந்த காற்று வெளியேறுவதால், பச்சையத்தின் நிறம் தெளிவாகத் தெரியும் கணம் அது. பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மகனீசியம் அணு இருக்கிறது. வேகும் காயிலிருந்து வெளிவரும் அமிலங்கள் அதை அகற்ற, ஐதரசன் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பச்சை பழுப்பாகிறது. தாச்சியை மூடினால் ஆவியோடு போகவேண்டிய அமிலங்கள் மூடியில் படிந்து மறுபடியும் காயிலேயே சொட்டும். திறந்து வைத்தால் அவற்றில் ஒரு பகுதி பறந்துவிடும், நீரும் வற்றும். அவசரத்துக்கு மூடி வேகவைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

தேங்காய்ப்பூ கடைசியில். ஈரம் இருக்கும்போது போட்டால் ஊறிப் பிசுபிசுக்கும். தாச்சியின் அடி காய்ந்த பிறகு போட்டால், மிச்ச ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு ஓரங்கள் பொன்னிறமாகும். மெயிலார்ட் தாக்கம் அங்கேதான் நன்றாக நடக்கிறது.

தேசிக்காய்ப் புளியும் அமிலம்தான். விடுவதானால் அடுப்பிலிருந்து இறக்கி, பரிமாறும் நேரத்தில் பிழியுங்கள்.