கிரெட்ச்மர்: பெயரைப் பார்த்து வம்சம் எழுதாதீர்கள்

கிரெட்ச்மர் என்ற ஜெர்மன் குடும்பப் பெயரோடு வம்சம் தேடி என்னிடம் வந்தவர்களில், இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். தம் தாத்தாவையும், இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் தளபதி ஓட்டோ கிரெட்ச்மரையும் ஒரே கோட்டில் இணைத்து வம்ச வரைபடம் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். ஆதாரம் எங்கே என்றேன். "அதுதான் ஒரே பெயராயிற்றே!" என்றார். "பெயர் ஸ்லாவியம், அதனால் நாங்களும் ஸ்லாவிய ரத்தம்" என்றும் சேர்த்துக்கொண்டார். செக், போலிஷ் போன்ற மொழிகளின் குடும்பம்தான் ஸ்லாவியம்.

எத்தனை முறைதான் சொல்வது? கிரெட்ச்மர் என்றால் சாராயக்கடைக்காரர். செக் மொழியில் 'கிர்ச்மா', போலிஷில் 'கார்ச்மா' என்றால் மதுக்கடை. சைலீசியாவிலும் (இன்று பெரும்பகுதி போலந்தில்) அதன் மேற்கே உள்ள லுசேஷியாவிலும் குடியேறிய ஜெர்மானியர் அந்தச் சொல்லை 'கிரெட்ஷாம்' என்று தம் பேச்சில் எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு அது ஜெர்மன் சொல். அந்தக் கடையை நடத்தியவர்தான் கிரெட்ச்மர்; அவர் ஜெர்மானியராகவும் இருக்கலாம், ஸ்லாவியராகவும் இருக்கலாம். எல்லையைக் குறிக்கும் 'கிரென்ட்செ', வெள்ளரியைக் குறிக்கும் 'குர்க்கெ' இரண்டும் ஸ்லாவிய மொழிகளிலிருந்து ஜெர்மனுக்கு வந்தவைதான். வெள்ளரிக்காய் கேட்கிற ஜெர்மானியர் எல்லாம் ஸ்லாவியர் ஆகிவிடுவார்களா? சொல் பயணம் செய்த வழி வேறு, மனிதர் வந்த வழி வேறு.

கிரெட்ஷாம் வெறும் குடிக்கிற இடமும் அல்ல. பல ஊர்களில் கிராம நீதிமன்றமே அங்குதான் கூடியது. ஊருக்கு ஊர் கடை இருந்ததால், ஒட்டும் உறவும் இல்லாத எத்தனையோ குடும்பங்களுக்கு இதே பெயர் அமைந்தது. ஓட்டோ 1912இல் சைலீசியாவில் பிறந்தவர். உடலமைப்பையும் குணத்தையும் இணைத்து 1921இல் நூல் எழுதிய மனநல மருத்துவர் எர்ன்ஸ்ட் கிரெட்ச்மர் தென்மேற்கு ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க்கில் பிறந்தவர். 2017இல் ஜெர்மனியின் சாக்சனி மாநில முதலமைச்சரான மிகாயேல் கிரெட்ச்மர் கோர்லிட்ஸ்காரர். பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து இவர்களை ஒரே வீட்டில் உட்காரவைக்க முடியாது.

பழைய தேவாலயப் பதிவேடுகளில் இன்னொரு பொறியும் உண்டு. பாதிரியார் 'ஹான்ஸ் கிரெட்ச்மர்' என்று எழுதியிருப்பார். அது குடும்பப் பெயரா, 'கடைக்கார ஹான்ஸ்' என்பதா? அந்த ஒரு வரியை வைத்து முடிவுசெய்யாதீர்கள். பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவுகளையும் புரட்டுங்கள். ஒரே ஆளின் பெயரே இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களில் வரும், எல்லாவற்றையும் தேடுங்கள்.

சைலீசியா அப்போது இருந்த பிரஷ்ய அரசில், பிறப்பு, திருமணம், இறப்புகளின் அரசுப் பதிவு 1874 அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்கு முந்தையவற்றுக்குத் தேவாலய ஏடுகளே கதி. அவற்றைத் தேட ஊர்ப் பெயர் வேண்டும். 1945க்குப் பிறகு சைலீசியாவின் பெரும்பாலான ஊர்கள் போலிஷ் பெயருக்கு மாறிவிட்டன. லீக்னிட்ஸ் இன்று லெக்னிட்சா. ஆகவே வீட்டில் வயதான அத்தையோ பெரியம்மாவோ இருந்தால், தயவுசெய்து இந்த வாரமே போய்க் கேளுங்கள்: தாத்தா எந்த ஊர்?